பேஸ்மேக்கரை ஹேக் செய்துவிடுவார்களா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 71. மூன்று மாதங்களுக்கு முன் பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். கட்டிலருகே வைக்கச் சொல்லி ஒரு சிறிய பெட்டியும் கொடுத்தார்கள். பேஸ்மேக்கரில் பதிவானதை அது இரவில் வாங்கி மருத்துவமனைக்கு அனுப்புமாம். ஹேக்கர்கள் இதன் வழியே நுழைந்து இதயத்தையே நிறுத்திவிடலாம் என்று படித்தேன். பயந்துபோய்ப் பெட்டியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். செய்தது சரிதானே?

பதில்: முதலில் எழுந்துபோய் அந்தப் பெட்டியை மறுபடியும் மாட்டிவிட்டு வாருங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

உங்கள் பயத்தை வெறும் கற்பனை என்று ஒதுக்கமாட்டேன். 2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள், இதயத்துக்குள் அதிர்ச்சி கொடுக்கும் ஐசிடி கருவி ஒன்றின் அமைப்புகளை ரேடியோ அலைகளால் மாற்றிக் காட்டினார்கள். ஆய்வுக்கூடத்தில், கருவிக்குச் சில சென்டிமீட்டர் தூரத்தில் இருந்துகொண்டு செய்தது அது. அமெரிக்கத் துணை அதிபராக இருந்த டிக் செனி, தன் கருவியின் கம்பியில்லாத் தொடர்பை முன்னெச்சரிக்கையாக அணைத்து வைத்திருந்ததாகப் பின்னர் சொன்னார். அவருக்கு இருந்த எதிரிகள் உங்கள் அப்பாவுக்கு இருக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது 2017 ஜனவரியில் நடந்தது. செயின்ட் ஜூட் நிறுவனத்தின் கட்டிலருகுப் பெட்டியில், நீங்கள் அஞ்சுகிற அதே வகை ஓட்டை இருப்பதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அறிவித்தது. நோயாளிகளுக்கு அது சொன்ன யோசனை என்ன தெரியுமா? பெட்டியைக் கழற்றாதீர்கள், மின்சாரத்திலும் வலைத்தொடர்பிலும் இருக்கட்டும் என்பதுதான். ஓட்டையை அடைக்கும் மென்பொருள் அந்த வழியாகத்தான் வந்து சேரும். அலமாரியில் கிடக்கும் பெட்டி பழைய ஓட்டையோடு அப்படியே இருக்கும்.

அதே ஆண்டு ஆகஸ்டில், இதே போன்ற ஓட்டையை அடைக்க, அந்த நிறுவனத்தின் பேஸ்மேக்கர்களில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 4,65,000 கருவிகளுக்கு மென்பொருள் மாற்றம் தேவைப்பட்டது. யாருக்கும் மார்பைத் திறக்கவில்லை. மருத்துவமனைக்கு நேரில் வந்தால் மூன்று நிமிட வேலை. அந்த நேரத்தில் கருவி நிமிடத்துக்கு 67 துடிப்பு என்ற மாற்று நிலையில் ஓடும். ஹேக்கிங்கால் யாருக்கும் தீங்கு நேர்ந்ததாகத் தகவல் இல்லை என்று அப்போதும் எஃப்டிஏ சொன்னது.

பெட்டி இல்லாவிட்டால் இழப்பது அதிகம். இதயத்துக்குள் செல்லும் கம்பி இடம்பெயர்வது, பிற்காலத்தில் அதில் விரிசல் விழுவது, பேட்டரி எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தீர்வது, இவற்றையெல்லாம் அடுத்த பரிசோதனைக்குக் காத்திராமல் அது காட்டிக்கொடுக்கும். மருத்துவராக எனக்கு மிகவும் பயன்பட்டது வேறொன்று. இதயத்தின் மேலறை தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் சிலருக்கு எந்த அறிகுறியும் காட்டாது. பக்கவாதம் வந்த பிறகே தெரியவரும். பெட்டி முன்கூட்டிச் சொன்னால், தேவைப்படுகிறவருக்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தொடங்கிவிடலாம்.

ஆனால் அதை ஆம்புலன்ஸாக நினைத்துவிடாதீர்கள். நள்ளிரவில் அந்தத் தகவலைப் பார்த்தபடி யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. மயக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி வந்தால் பெட்டி பார்த்துக்கொள்ளும் என்று இராமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

அடுத்த முறை போகும்போது பேஸ்மேக்கர் அட்டையைக் கொண்டுபோய், இந்த மாடலுக்கு மென்பொருள் மாற்றம் ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று கேளுங்கள். பெட்டி வீட்டு வைஃபையில் ஓடுகிறது என்றால் வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மருத்துவமனை கொடுத்ததைத் தவிர வேறு பெட்டி வேண்டாம்.

ஹேக்கரைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் செல்போனைச் சட்டைப்பையில், பேஸ்மேக்கருக்கு நேர் மேலே வைத்துக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். போனிலும் இயர்போன் பெட்டியிலும் உள்ள காந்தம் மிக அருகில் வந்தால், கருவி இதயத்தின் சொந்தத் துடிப்பைக் கவனிக்காமல் ஒரே வேகத்தில் ஓடும் காந்த நிலைக்கு மாறிவிடலாம். 15 சென்டிமீட்டராவது தள்ளியிருக்கட்டும். பேசும்போது எதிர்ப்பக்கக் காதில் வைத்துப் பேசச் சொல்லுங்கள்.

பெட்டியை மாட்டியதும் மருத்துவமனையை அழைத்து, எத்தனை நாள் கழற்றி வைத்திருந்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இடையில் நடந்த முக்கியமானவை பேஸ்மேக்கரின் நினைவகத்தில் இருக்கும். அவற்றை எடுத்துப் பார்ப்பார்கள். திட்டமாட்டார்கள். பெட்டியைக் கழற்றி வைத்த முதல் ஆள் நீங்கள் இல்லை.