பக்கத்தில் உட்கார்ந்து கையையே கவனித்தால் மேஜிக்கின் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிடலாமா?

கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பி முன்வரிசையில் வந்து உட்காருகிறவர்தான் எங்களுக்கு மிகவும் வேண்டிய ஆள்.

"எல்லாம் கைவேகம்தானே, இதில் என்ன கலை?" என்று கேள்விக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். ஏதோ ஒரு பிறந்தநாள் விழாவில் ஏமாந்துவிட்டு, அன்று இரவு தூக்கம் பிடிக்காமல் இதை எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுத உட்கார்ந்தேன். நான் முழுநேரக் கலைஞன் அல்ல. வார நாட்களில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறேன், முகூர்த்த நாட்களில் மேடை ஏறுகிறேன். "இவனுக்கு என்ன தெரியும்?" என்று கேட்க நினைப்பவர்கள் தாராளமாகக் கேட்கலாம்.

ரகசிய வேலையை நாங்கள் வேகமாகச் செய்வதே இல்லை. திடீரென்று வேகமாக அசைகிற கையைத்தான் கண் முதலில் துரத்தும். ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வலது கை விரல்நுனியில் பிடித்து இடது உள்ளங்கையில் வைப்பதுபோல் கொண்டுபோக வேண்டும். இடது விரல்கள் மூடும்போது வலது கை நாணயத்தோடு திரும்பிவிடும். இவ்வளவையும் ஒரே மாலையில் கற்றுவிடலாம். வருடக்கணக்கில் ஆவது மற்றதற்குத்தான். காலியான இடது கையை, உள்ளே நாணயம் இருக்கிறது என்று நானே நம்பிப் பார்க்க வேண்டும். வலது கை வேலை முடிந்த கையாகத் தளர்ந்து தொங்க வேண்டும். அதன் கட்டைவிரல் சற்று விறைத்தாலும் குட்டு உடைந்துவிடும். (தொழில் ரகசியத்தை வெளியிட்டுவிட்டான் என்று சக கலைஞர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஆரம்பப் பாடப் புத்தகங்களிலேயே இருக்கிற விஷயம் இது.)

இது என் சொந்தச் சரக்கு மட்டுமல்ல. மேஜிக் கலைஞராக இருந்து உளவியல் ஆய்வாளரான கஸ்டவ் குன், மைக்கேல் லாண்ட் என்பவருடன் சேர்ந்து 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரு பந்தை இரண்டு முறை மேலே எறிந்து பிடித்துவிட்டு, மூன்றாம் முறை எறிவதுபோல் பாவனை மட்டும் செய்தார். பந்து கையிலேயே இருந்தது. அவர் முகத்தை உயர்த்திப் பார்த்தபோது, பார்த்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பந்து மேலே போனதைக் கண்டதாகச் சொன்னார்கள். கையையே பார்த்துக்கொண்டு அவர் அதைச் செய்தபோது அந்த அளவு பாதியாகக் குறைந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், கருவி வைத்து அளந்தபோது, ஏமாந்தவர்களில் பெரும்பாலோரின் கண்கள் பந்து மறைந்ததாகச் சொன்ன இடத்துக்குப் போகவே இல்லை. கண் ஏமாறவில்லை, மனம்தான் முந்திக்கொண்டது.

கும்பகோணம் பக்கம் ஓர் அறுபதாம் கல்யாணத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்று பித்தளைக் கிண்ணங்களும் சிறு பஞ்சுப் பந்துகளும் வைத்துச் செப்படி வித்தை செய்துகொண்டிருந்தேன். முன்வரிசையில் ஓய்வுபெற்ற ஆடிட்டர் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் முகத்தை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை, கைதான். கடைசிப் பந்து மறைந்ததும், "தம்பி, இடது கையைத் திற!" என்றார். சற்றுத் தயங்குவதுபோல் நடித்துவிட்டுத் திறந்தேன். பந்து அங்கேதான் இருந்தது. மண்டபமே சிரித்தது. அவர் எழுந்து நின்று பின்வரிசைகளைப் பார்த்துக் கையசைத்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவில், எந்த அவசரமும் இல்லாமல், நடுக் கிண்ணத்துக்குள் ஓர் எலுமிச்சம்பழம் போய் உட்கார்ந்தது. அவரையே கூப்பிட்டுக் கிண்ணத்தைத் தூக்கச் சொன்னேன். தூக்கினார். வாயடைத்துப் போய் நின்றார். "கணக்கில் ஓர் எலுமிச்சம்பழம் விட்டுப்போய்விட்டதே!" என்று அவர் மனைவி சொன்னதற்குத்தான் எனக்குக் கிடைத்ததைவிடப் பெரிய கைதட்டல்.

பந்தைக் கையில் விட்டுவைத்ததே அவர் கண்டுபிடிக்கட்டும் என்றுதான். விடை கிடைத்துவிட்டது என்று மனம் முடிவு செய்கிற நொடியில் காவல் தளர்ந்துவிடும். அடுத்து என்ன வரும் என்று உறுதியாக நம்புகிறவருக்குத்தான் அது தப்பும்போது தூக்கிவாரிப் போடும். கைப்பேசியில் மூழ்கியிருப்பவர் எதையும் எதிர்பார்ப்பதில்லை, அவரை எங்களால் வியக்க வைக்க முடியாது. சின்னக் குழந்தைகளும் கஷ்டம்தான். நான் பார்க்கிற பக்கம் அவர்கள் பார்ப்பதில்லை.

அதிர்ச்சியை எப்படி உண்டாக்குவது என்று வங்காளத்து மேஜிக் கலைஞர் பி.சி. சர்க்காருக்குத் தெரிந்திருந்தது. 1956 ஏப்ரல் 9 அன்று பிபிசி தொலைக்காட்சியில் தம் உதவியாளரான பெண்ணைச் சுழலும் ரம்பத்தால் அறுத்தார். பிறகு எழுப்பினார், அவள் எழவில்லை. முகத்தில் துணியைப் போர்த்தினார். நேரம் முடிந்துவிட்டது என்று அறிவிப்பாளர் நிகழ்ச்சியை முடித்துவிட்டார். கொலையைப் பார்த்துவிட்டோம் என்று பதறியவர்களின் அழைப்புகளால் பிபிசியின் தொலைபேசிகள் திணறின. மறுநாள் பத்திரிகைகளில் அவர்தான் செய்தி.

எங்கள் நிகழ்ச்சியையும் பாதியில்தான் நிறுத்துகிறார்கள். சரியாகக் கிண்ணத்தைத் தூக்கும் நேரத்தில் மைக்கை வாங்கி "இரண்டாம் பந்தி தயார்" என்று அறிவிப்பார்கள். காலி நாற்காலிகளைத் தவிர எதிரில் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். கேட்டால், "சாப்பிட்டுவிட்டு வந்து பார்ப்பார்கள்" என்பார்கள். பந்திக்குப் போனவர் வெற்றிலைபாக்கு வாங்கிக்கொண்டு வாசலோடு போய்விடுவார் என்பது யாருக்குத் தெரியாது? கூலி விஷயமும் அப்படித்தான். பந்தல்காரருக்கும், சமையல்காரருக்கும், ஒலிபெருக்கி கட்டுகிறவருக்கும் முன்பணம் உண்டு. எனக்கு மட்டும், "மொய் எழுதி முடியட்டும் தம்பி, பார்த்துக்கொள்ளலாம்."