முதல் பெஞ்சில் சித்தப்பா

அன்புள்ள ஐயா,

யாங்கோன் பாயின்னவுங் சந்தையில் பயறு மொத்த வியாபாரம் செய்கிறேன். பெரும்பாலும் உளுந்து, கொஞ்சம் துவரை. கடந்த மூன்று ஆண்டுகளாக நான் எதிர்பாராத லாபம். வருகிற அறுப்புப் பண்டிகையில் கர்த்தர் எனக்குச் செய்த நன்மையைச் சபைமுன் சாட்சியாகச் சொல்லும்படி போதகர் கேட்டிருக்கிறார். என் உழைப்பு என்று சொன்னால் மேட்டிமையாகிவிடும். எல்லாம் கர்த்தர் செய்தது என்று சொல்லவும் வாய் வரவில்லை. இதே வியாபாரத்தில் 2017-இல் எல்லாவற்றையும் இழந்த என் சித்தப்பா முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். என்னைவிட அதிகம் ஜெபிக்கிறவர் அவர். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் என்ன சொல்வது?

ஒரு வாசகர், யாங்கோன்

அன்புள்ள தம்பி,

நானும் ஒருமுறை அப்படிச் சாட்சி சொன்னவன். அச்சுக்கூடத்துக்காக வாங்கிய கடன் அடைந்த வருடம் அது. மேடையேறி இருபது நிமிடம் பேசினேன். "நான் ஒன்றுமில்லாதவன், புழுவுக்குச் சமமானவன்" என்று எத்தனை முறை சொன்னேனோ தெரியாது; ஒவ்வொரு முறையும் சபை "ஸ்தோத்திரம்" என்றது, எனக்கு உள்ளே இனித்தது. ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டார்கள். ஒரு பூசணிக்காயைச் சந்தை விலையைப்போல் இருபது மடங்கு கேட்டு எடுத்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வந்தவர் எங்கள் இயந்திரக்காரர். அந்தக் கடனை அடைத்த பெரிய வேலைக்காக இரண்டு இரவு கண்விழித்தவர். வாசலில் பூசணிக்காயை என்னிடம் கொடுத்துவிட்டு, "முதலாளி, பாக்கிக் கூலி நாளைக்குக் கிடைக்குமா?" என்று மெதுவாகக் கேட்டார். அவருடைய அரை மாதக் கூலி என் மேசை இழுப்பறையில் கிடந்தது. மறந்துவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். மறக்கவில்லை, தம்பி. தள்ளிப்போட்டிருந்தேன்.

லூக்கா 12-இல் வரும் ஐசுவரியவானை அதன் பிறகுதான் சரியாக வாசித்தேன். அவன் யாரையும் ஏமாற்றியதாக அங்கே இல்லை. "நிலம் நன்றாய் விளைந்தது" என்றுதான் கதை தொடங்குகிறது; விளைந்தது நிலம். அவனோ என் களஞ்சியம், என் தானியம், என் பொருள் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டே போகிறான். அறுத்தவன் இல்லை, சுமந்தவன் இல்லை, பெண்டாட்டிகூட அந்தப் பேச்சில் வருவதில்லை. என் சாட்சியும் அப்படித்தான் இருந்தது. நானும் கர்த்தரும் மட்டும் சேர்ந்து அச்சுக்கூடம் நடத்தியதுபோல.

உங்கள் கணக்குக்கு வருவோம். பெகுவிலும் ஐராவதிப் பகுதியிலும் நெல் அறுத்த வயலில் விதைக்கிற உளுந்தைப் பர்மியர்கள் அதிகம் சாப்பிடுவதில்லை. அது கப்பலேறி இந்தியாவில் தோசைக்கல்லுக்குப் போகிறது. 2017 ஆகஸ்டில், அங்கே விளைச்சல் பெருகி விலை விழுந்ததால், இந்திய அரசு இறக்குமதிக்கு வரம்பு கட்டியது: துவரைக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன், உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன். டெல்லியில் யாரோ போட்ட ஒரு கையெழுத்து. இங்கே கிட்டங்கி நிறையச் சரக்கு வைத்திருந்தவர்கள் விழுந்தார்கள். உங்கள் சித்தப்பாவும் அதில்தான் விழுந்திருப்பார். 2021 மே மாதம் அதே அரசு அந்தக் கதவைத் திறந்தது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் பர்மியப் பணத்தில் 1,300 க்யாட்டைச் சுற்றி இருந்த டாலர், பிறகு வெளிச்சந்தையில் 3,000-ஐத் தாண்டியது. டாலருக்கு விற்கிற சரக்கைப் பிடித்து வைத்திருந்தவர்கள் தூங்கி எழுவதற்குள் க்யாட் கணக்கில் பணக்காரர்கள் ஆனார்கள். உங்கள் லாபத்தில் உழைப்பு எவ்வளவு, உளுந்து எவ்வளவு, க்யாட் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கர்த்தருக்கு நன்றி சொல்வது இருக்கட்டும், முதலில் கணக்கு நேராக இருக்கவேண்டும். 2021-ஐ அவருடைய தயவு என்று சாட்சி சொன்னால், 2017-ஐ யார் கணக்கில் எழுதுவது? சித்தப்பாவின் ஜெபக்குறைவு என்றா?

அதற்காக உழைப்பை மறைக்கவும் வேண்டாம். உபாகமம் 8 தடுப்பது, "என் சாமர்த்தியமும் என் கைபெலனும் இந்த ஐசுவரியத்தை எனக்குச் சம்பாதித்தது" என்று நெஞ்சுக்குள் சொல்லிக்கொள்வதை. அடுத்த வசனத்திலேயே, சம்பாதிக்கிற பெலனைக் கொடுக்கிறவர் அவர் என்று வருகிறது. பெலன் இருந்தது, கை உழைத்தது. அதைச் சொல்லலாம். விடியற்காலையில் லாரிக்குக் காத்து நின்றவன் நின்றேன் என்று சொல்வதில் என்ன மேட்டிமை?

மனத்தாழ்மையைத் தேடுகிறவர்கள் நாக்கைவிட்டுத் தராசைப் பார்ப்பது நல்லது. பர்மாவில் வெள்ளைக்காரன் 'விஸ்' என்று எழுதிவைத்த நிறை நம்முடைய வீசைதான். அந்த நிறை இன்னும் சந்தையில் எடை போட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு வீசை, ஏறக்குறைய 1.63 கிலோ. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று நீதிமொழிகளில் படித்துவிட்டு, விவசாயியிடம் வாங்கும்போது ஈரத்துக்கென்று நாலு வீசை கழித்து, விற்கும்போது அந்த ஈரத்தையே எடைக்குச் சேர்க்கிற பக்திமான்களை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

தேவனை நம்புவது பற்றி நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் சித்தப்பாவைப் பற்றிக் கேட்டதில் அதுவும் இருக்கிறது. என் அப்பாவுக்கு ரங்கூனில் அரிசிக்கடை இருந்தது. 1964 மார்ச்சில் கடைகள் அரசுடைமையாயின. மே மாதம் 50, 100 க்யாட் நோட்டுகள் செல்லாமல் போயின. அப்பா பணம் வைத்திருந்தது முழுவதும் அந்த நோட்டுகளில்தான். ஞாயிற்றுக்கிழமை வழக்கமான சட்டையைப் போட்டுக்கொண்டு ஆராதனைக்குப் போனார். காணிக்கைப் பையில் என்ன போட்டீர்கள் என்று அம்மா கேட்டதற்கு, "இருந்ததை" என்றார். அவரை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. கடை போனவனிடம் சாட்சி கேட்கிற வழக்கம் நம் சபைகளில் இல்லை. அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயர் 1813-இல் ரங்கூனில் வந்து இறங்கி, முதல் பர்மியருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1819-இல். அந்த ஆறு வருடக் கணக்கை நம் வியாபாரிகளிடம் காட்டினால் கடையை மூடிவிடச் சொல்லியிருப்பார்கள்.

எனவே பண்டிகைக்கு முன்பே ஒருநாள் சித்தப்பாவைக் கிட்டங்கிக்கு அழையுங்கள். 2017-இல் எத்தனை மூட்டை இருந்தது, என்ன விலைக்குத் தள்ளினார், அதன் பிறகும் எப்படி ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தார் என்று கேளுங்கள். அவர் சம்மதித்தால் உங்கள் நேரத்தில் பாதியை அவருக்குக் கொடுங்கள். மீதிப் பாதியில் மூட்டை தூக்குகிறவர்களின் பெயர்களைச் சொல்லுங்கள். அதற்கு முந்தின நாளே அவர்கள் கூலியைத் தீர்த்துவிடுங்கள்.

பூசணிக்காய் ஏலத்துக்கு வந்தால் கையைச் சட்டைப்பையை விட்டு எடுக்காதீர்கள்.