பஞ்ச் வாங்கலாமா? பாடி பாஸ், இன்ஜின் ஜஸ்ட் பாஸ்!

இந்த முறை வந்த கார் கேள்விகளில் பெரும்பாலானவை டாடா பஞ்ச் பற்றித்தான். ஆச்சரியமில்லை. 2024-ல் நாட்டிலேயே அதிகம் விற்ற கார் இது. பல பத்தாண்டுகளாக மாருதி யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்த இடம் அது. அதனால் மற்ற வண்டிகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, பஞ்சையும் அதற்குப் போட்டியாக நிற்கும் ஒன்றிரண்டையும் மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். பஞ்ச் என்று சொல்லும் இடமெல்லாம் டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளி இழுவையைக் கூட்டும் கருவி) இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டியைத்தான் சொல்கிறேன்.

சார், ஈரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். இப்போது ஓட்டுவது பழைய ஸ்விஃப்ட். அம்மாவுக்கு மூட்டுவலி, குனிந்து ஏற முடியவில்லை. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என ஐந்து பேர். அடிக்கடி கொடைக்கானல் போவோம், மாமனார் வீடு அங்கே. பட்ஜெட் 8 லட்சம். பஞ்ச் மேனுவல் எடுக்கலாமா?

அம்மாவுக்காக என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், கொடைக்கானலுக்காக என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அம்மா விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பஞ்சின் கதவுகள் கிட்டத்தட்ட 90 டிகிரிக்குத் திறக்கும், அதுவும் பின்கதவும் சேர்த்து. இந்த விலையில் இது பெரிய விஷயம். ஸ்விஃப்டில் தலையைக் குனிந்து, இடுப்பை இறக்கி, பிறகு காலை உள்ளே இழுக்க வேண்டும். பஞ்சில் சீட் உயரமாக இருப்பதால் வெளியே நின்றபடியே அப்படியே பக்கவாட்டில் உட்கார்ந்து, இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே திருப்பிக்கொள்ளலாம். மூட்டுவலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம், அங்கேதான் இந்த உயரம் கை கொடுக்கும். ஷோரூமுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், நான்கைந்து தடவை ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். வீட்டு வாசலில் சாக்கடைத் திட்டு, தெருமுனையில் பஞ்சாயத்து போட்ட ஸ்பீடு பிரேக்கர் என்று எது இருந்தாலும் கிரவுண்ட் கிளியரன்ஸ் தாராளமாக இருப்பதால் அடி தட்டாது. சஸ்பென்ஷனும் குண்டுகுழியை நன்றாகவே விழுங்கும்.

சரி, இப்போது இன்ஜின். 1,199 சிசி, மூன்று சிலிண்டர், சுமார் 88 பிஎஸ் பவர், 115 நியூட்டன் மீட்டர் இழுவை. காகிதத்தில் மோசமில்லை. ஆனால் இந்த இன்ஜினின் இழுவை, இன்ஜின் சுழலும் வேகம் 3,000 ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு 3,000 சுற்றை) தாண்டினால்தான் முழுசாகக் கிடைக்கும், அதற்குக் கீழே சோம்பல். ஈரோடு டவுனுக்குள்ளும் தாராபுரம் ரோட்டிலும் நீங்கள் இதைப் பெரிதாக உணரமாட்டீர்கள். ஐந்து பேரும் லக்கேஜும் ஏ.சி.யுமாகப் பழனி வழியாக மலை ஏறும்போதுதான் தெரியும். கொண்டை ஊசி வளைவுக்கு இரண்டாவது கியரில் போய், எதிரே பஸ் வருகிறதே என்று ஒரு நொடி காலை எடுத்தீர்கள் என்றால், மறுபடி மிதிக்கும்போது வண்டி இழுக்காமல் திணறும், முன்பக்கம் தடதடவென்று அதிரும். அப்போது ஹாஃப் கிளட்ச் கொடுத்துச் சமாளிப்பதுதான் பலரும் செய்வது, கிளட்ச் பிளேட் தேய்வதும் அதனால்தான். வளைவுக்கு முன்பே, வேகம் இருக்கும்போதே முதல் கியருக்கு இறக்கிவிட்டு, இன்ஜினைக் கொஞ்சம் கத்தவிட்டு ஏற வேண்டும். காது பழகவேண்டிய சத்தம் அது. வண்டிக்கு ஒன்றும் ஆகாது.

எப்போதாவது மலைக்குப் போகிறவர் என்றால் இதைப் பற்றிப் பேசவே மாட்டேன். மாமனார் வீடே மேலே என்பதால்தான் சொல்கிறேன். இன்னொன்று, வண்டியின் அகலம் 1,742 மில்லிமீட்டர். பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் அம்மாவோடு பின்னால் உட்கார்ந்து போகலாம், பிளஸ் டூ படிக்கிற உயரத்தில் இருந்தால் பழனி தாண்டுவதற்குள்ளேயே பின்சீட்டில் சண்டை வந்துவிடும். டிக்கி 366 லிட்டர், ஐந்து பேரின் இரண்டு நாள் சாமானுக்குச் சரியாக இருக்கும்.

எஸ்யூவி, எஸ்யூவி என்கிறார்களே, இது நிஜமாகவே எஸ்யூவியா? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

இல்லை தம்பி. உயரம் கூட்டிய ஹேட்ச்பேக். முன்சக்கரங்கள்தான் இழுக்கும், ஃபோர் வீல் டிரைவ் கிடையாது. நீளமும் நான்கு மீட்டருக்குள்தான். இந்தியாவில் நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜினும் இருந்தால் சின்னக் கார் என்று வரி குறைவு, 2006-லிருந்தே இந்தக் கணக்கு உண்டு. கம்பெனிகள் எல்லாம் அந்த அளவுக்குள் ஒரு வண்டியைத் தைத்து, கொஞ்சம் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிக் கறுப்பு பிளாஸ்டிக் ஒட்டிவிடுகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான், அதற்கு முன் 28 சதவீதமும் மேலே செஸ்ஸும் இருந்தது. மண் ரோடு, தோட்டத்துப் பாதை வரைக்கும் தைரியமாகப் போகலாம். ஆற்று மணலில் இறக்கிவிட்டு டிராக்டரைத் தேடாதீர்கள்.

பஞ்ச், ஹூண்டாய் எக்ஸ்டர், நிஸான் மேக்னைட் டர்போ மூன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். குழப்பம்தான் கூடியது. தினமும் தாம்பரத்திலிருந்து ஒரகடம் வேலைக்குப் போகிறேன், மாதம் ஒருமுறை திருச்சி. ஒன்றைச் சொல்லுங்கள். (தனியார் நிறுவன ஊழியர், சென்னை)

உங்கள் ஓட்டத்துக்கு மேக்னைட் டர்போ. காரணம் திருச்சி ஹைவே. அதன் 1 லிட்டர் டர்போ இன்ஜின் 100 பிஎஸ், மேனுவலில் 160 நியூட்டன் மீட்டர் தருகிறது. பஞ்சைவிட இழுவை எவ்வளவு கூடுதல் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். விழுப்புரம் தாண்டி நான்காவது கியரில் ஒரு லாரியை ஓவர்டேக் செய்ய பஞ்சில் முன்கூட்டியே திட்டம் போட வேண்டும், மேக்னைட்டில் டர்போ சுழல ஆரம்பித்ததும் மிதித்தால் போதும். கிரவுண்ட் கிளியரன்ஸும் 205 மில்லிமீட்டர். ஜிஎஸ்டி ரோட்டில் ஊர்ந்து போகும்போது மட்டும், டர்போ எழுவதற்கு முன்னால் கொஞ்சம் மந்தமாகத் தெரியும். தினமும் ஒரகடம் போகிறீர்களே, அந்த வண்டி உருவாவதே உங்கள் ஆபீஸ் பக்கத்தில்தான்.

குறை? உள்ளே தொட்டுப்பார்க்கும் பிளாஸ்டிக்கும், கதவு சாத்தும் சத்தமும் பஞ்ச் அளவுக்கு நம்பிக்கை தருவதில்லை. நிஸானின் சர்வீஸ் சென்டர்களும் டாடா, ஹூண்டாய் அளவுக்கு ஊர் ஊராக இல்லை. சென்னையில் இருக்கும்வரை கவலையில்லை, நாளைக்கே சொந்த ஊரில் செட்டிலாகும் யோசனை இருந்தால் அங்கே பக்கத்தில் சர்வீஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

எக்ஸ்டரையும் சொல்லிவிடுகிறேன். மூன்றில் அதில் மட்டும்தான் நான்கு சிலிண்டர் இன்ஜின். சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் ஓடுகிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு அமைதி. டிக்கி 391 லிட்டர். ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர், அதிர்வு ஆகாது என்பவர் யோசிக்காமல் அதை எடுக்கலாம். மலைக்கும் ஹைவேக்கும் அதுவும் பஞ்ச் ரகம்தான், 83 பிஎஸ்.

இன்னொரு சின்ன லாபம்: மேக்னைட் 999 சிசி. புது காருக்கு மூன்று வருட தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் கட்டாயம் அல்லவா, 2022-ல் அறிவித்த கட்டணப்படி 1,000 சிசிக்குள் 6,521 ரூபாய், அதைத் தாண்டினால் 10,640 ரூபாய். ஒரே ஒரு சிசியில் தப்பித்தார்கள்!

குன்னூரில் நர்ஸாக இருக்கிறேன். கிளட்ச் மிதித்து முழங்கால் போய்விட்டது. பஞ்ச் ஏஎம்டி எடுத்தால் மலையில் நம்பி ஓட்டலாமா?

மேடம், ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் உங்களுக்குப் பதிலாக ஒரு மோட்டார் போடுகிறது. அது கியரை மாற்றும் நேரத்தில் இழுவை ஒரு கணம் அறுபடும், தலை முன்னால் ஒரு ஆட்டு ஆட்டும். சமவெளியில் பழகிவிடும். மலையில் தொல்லை என்னவென்றால், வளைவு வருகிறது என்று உங்களுக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. நீங்கள் இறக்கமான கியர் வேண்டும் என்று நினைக்கும் இடத்தில் அது மேல் கியருக்குத் தாவும். அதனால் மேட்டுப்பாளையம் ரோட்டில் லீவரைத் தள்ளி மேனுவல் மோடில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது வளைவுக்கு முன் ஒரு கியர் இறக்குங்கள், இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே விட்டுவிட்டு இன்ஜினே வேகத்தைப் பிடிக்கட்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பாதி வழியிலேயே கருகிய வாடை வரும். ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள், உள்ளே கிளட்ச் தேய்ந்துகொண்டிருக்கும். ஹேண்ட்பிரேக்கைப் போடுங்கள்.

கொஞ்சம் பணம் கூடப் போனாலும் பரவாயில்லை என்றால் மேக்னைட் டர்போ சிவிடியையும் (கியர் படிகளே இல்லாத ஆட்டோமேட்டிக்) ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தினமும் மலையிலேயே ஓட்டும் உங்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

5 ஸ்டார் என்கிறார்கள். ஆனால் என் மச்சான் வாங்கிய பஞ்சில் ஏர்பேக் இரண்டுதான். அப்புறம் எப்படி 5 ஸ்டார்? (வாசகர், தஞ்சாவூர்)

பஞ்ச் வந்த புதிதில், 2021-ல் குளோபல் என்கேப் என்ற மோதல் சோதனை அமைப்பு சோதித்தது. பெரியவர்கள் பாதுகாப்பில் 17-க்கு 16.45, அதாவது 5 ஸ்டார். குழந்தைகள் பாதுகாப்பில் 4 ஸ்டார். 64 கிலோமீட்டர் வேகத்தில் வண்டியின் முன்பக்கத்தில் ஒரு பகுதி மட்டும் தடுப்பில் மோதும்படி செய்யும் சோதனை அது. அதில் முக்கியமாகப் பார்ப்பது பயணிகள் உட்காரும் கூடு நசுங்காமல் நிற்கிறதா என்பதை. பஞ்சின் கூடு நின்றது, அந்த மதிப்பெண் பாடியின் பலத்துக்குக் கிடைத்தது. இந்த வண்டியில் எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்.

ஆனால் 2022-லிருந்து அந்த அமைப்பு விதிகளைக் கடுமையாக்கிவிட்டது. ஆகவே 2021-ன் 5 ஸ்டாரையும் அதன்பின் வந்த வண்டிகளின் 5 ஸ்டாரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. புதிதாக வாங்குகிறவர்கள் ஆறு ஏர்பேக் உள்ள வண்டியையே கேளுங்கள். பின்சீட்டில் நடுவில் உட்காருபவருக்கு தோள்பட்டையையும் பிடிக்கும் பெல்ட் இருக்கிறதா, இடுப்பு பெல்ட் மட்டுமா என்று ஷோரூமிலேயே இழுத்துப் பார்த்துவிடுங்கள். மச்சானிடம் ஒன்று சொல்லுங்கள், பின்னால் உட்காருபவர்கள் பெல்ட் போடாவிட்டால் எத்தனை ஸ்டாரும் செல்லாது.

கோவையில் தினமும் 80 கிலோமீட்டர் ஓட்டம், மார்க்கெட்டிங் வேலை. சிஎன்ஜி பஞ்ச் லாபமா?

உங்கள் ஓட்டத்துக்கு லாபம்தான். மற்ற பல சிஎன்ஜி கார்களில் ஒரே பெரிய சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொள்ளும். டாடா இரண்டு சின்ன சிலிண்டர்களாகப் பிரித்து டிக்கியின் தரைக்கடியில் படுக்கவைத்திருக்கிறது, அதனால் 210 லிட்டர் இடம் மிஞ்சும். சாம்பிள் பெட்டி, லேப்டாப் பை எல்லாம் தாராளமாகப் போகும். ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் போய்விட்டது, மழையில் பஞ்சரானால் சட்டை அழுக்காகும், அவ்வளவுதான். சிஎன்ஜியில் ஓடும்போது பவர் 73.5 பிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். ஏற்கெனவே சாதுவான இன்ஜின், இன்னும் சாதுவாகும். ஊட்டி ஏறும்போது பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பங்க்கில் நிற்கும் கியூவையும் நேரக்கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டரை ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) செய்ய வேண்டும், மறக்கக் கூடாது.

2022 மாடல் பஞ்ச் செகண்ட் ஹேண்டில் வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது? மைலேஜ் என்ன கிடைக்கும்? (ஆசிரியர், மதுரை)

காலையில் போங்கள், இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். மூன்று சிலிண்டருக்கு உரிய லேசான நடுக்கம் இருக்கும், அது குறையில்லை. ஸ்டியரிங்கும் கண்ணாடியும் சேர்ந்து ஆடினால் இன்ஜின் மவுண்ட்டை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஒரு மேம்பாலத்தில் மூன்றாவது கியரில் ஏற்றி முழுசாக மிதியுங்கள். ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது, அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். வண்டியில் லோன் இருந்திருந்தால் ஆர்சியில் ஹெச்பி (லோன் கொடுத்தவருக்கு வண்டி மேல் உள்ள பிடி) கேன்சல் ஆகியிருக்கிறதா என்று பார்க்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

மைலேஜ் ஊருக்குள் 12-லிருந்து 14, ஹைவேயில் நிதானமாக ஓட்டினால் 17, 18 எதிர்பார்க்கலாம். 2023 ஏப்ரலிலிருந்து வந்த வண்டிகள்தான் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்றபடி தயாரானவை, இது அதற்கு முந்தியது. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, ஆகவே பழைய ஓனர் சொல்லும் மைலேஜில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். எரிபொருள் குழாய், ரப்பர் சமாச்சாரங்களை சர்வீஸில் ஒவ்வொரு தடவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நடு வேரியண்ட் போதுமா, டாப் வேரியண்ட் போகலாமா? சன்ரூஃப் வேண்டும் என்று வீட்டில் ஒரே பிடிவாதம். (வாசகர், சேலம்)

நம் ஊர் வெயிலில் சன்ரூஃப்பைத் திறப்பது மார்கழி மாதக் காலைகளில் மட்டும்தான், பிள்ளைகள் தலையை வெளியே நீட்டுவதற்காக அதை வாங்குகிறீர்கள் என்றால் தயவுசெய்து வேண்டாம். நடு வேரியண்ட் எடுத்து, மீதிப் பணத்தில் நல்ல டயர், ரிவர்ஸ் கேமரா என்று பாருங்கள்.

அப்படியும் டாப்தான் என்றால் ஒரு கோட்டை மட்டும் தாண்டாதீர்கள். தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு சாலை வரி 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம். அதுவும் தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும். 9.90 லட்சத்துக்கு 1,28,700 ரூபாய் வரி என்றால், 10.10 லட்சத்துக்கு 1,81,800. விலை 20 ஆயிரம் ஏறினால் வரி 53 ஆயிரம் ஏறுகிறது. 10 லட்சத்துக்கு மேல் போனால் டீலர் 1 சதவீதம் டிசிஎஸ்ஸும் (விற்பவரே பிடித்துக் கட்டும் வருமான வரி) பிடிப்பார், அதை வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், பில்லைத் தொலைத்துவிடாதீர்கள்.