நூலகத்தில் கைவேலைப் பெட்டி: கேள்வி பதில்

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கிளை நூலகத்தில், வாசகர் வட்டம் சார்பில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குக் கைவேலை வகுப்பு எடுக்கிறேன். கைவேலைச் சாமான்களைப் போட்ட பெட்டிகளை, அதாவது கிட்டுகளை, புத்தகம் போலவே வீட்டுக்கும் கொடுத்து அனுப்புகிறோம். அதைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

திருப்பூர்: எங்க நூலகம் ஒரே அறைங்க. எதை வெச்சுத் தொடங்கறது?

ஊசி நூலை வைத்துத் தொடங்குங்கள் அக்கா. உங்கள் ஊரில் பனியன் வேஸ்ட் துணிக்கா பஞ்சம்? ஆனால் ஊசி மட்டும் முனை மழுங்கிய பால்பாயின்ட் ஊசியாக இருக்கட்டும். பனியன் துணி பின்னல் துணி; கூர் ஊசி அதன் கண்ணியை அறுத்துவிடும். அப்புறம் அந்த ஓட்டை ஏணி மாதிரி ஓடும். முதல் வகுப்புக்கு ஒரு துணிப்பை போதும்.

பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கடுக்காப் பொம்மை செய்யற த்ரீடி பிரிண்டர் வாங்கலாமா?

இப்போது வேண்டாம். உள்ளங்கை அகலப் பொம்மைக்கே மணிக்கணக்கில் ஓடும். அதுவரை இருபது பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

பொள்ளாச்சி: டெலஸ்கோப்பைக் கடன் குடுத்தா திரும்பி வருமாங்ணா?

வரும் தம்பி, முழுசாக வருமா என்பதுதான் கேள்வி. எங்கள் முதல் டெலஸ்கோப் பெட்டியில், கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ் மூன்று வைத்தோம். இரண்டாம் மாதம் ஒன்றுதான் மிச்சம். யாரும் திருடவில்லை; ஒன்று கட்டுத்தரையில் சாணிக்குள் கிடைத்தது.

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் வானியல் சங்கத்தார் 2008-லேயே நூலகங்களுக்குத் தொலைநோக்கி கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். மேசைமேல் வைத்துப் பார்க்கும் நாலரை அங்குலக் கருவி. மாற்றி மாற்றிப் போடும் லென்ஸுக்குப் பதில் திருகித் திருகிப் பெரிதாக்கும் ஒரே ஜூம் லென்ஸ், அதையும் கழற்ற முடியாதபடி பொருத்திவிட்டார்கள். மூடிகளைக் கயிற்றால் கட்டிவிட்டார்கள். தொலைக்க என்ன இருக்கிறது? கருவியின் குவியத் தூரம் 450 மி.மீ.; ஜூமை 8 மி.மீ.-க்குத் திருகினால், 450-ஐ 8-ஆல் வகுத்து, சுமார் 56 மடங்கு பெரிதாகத் தெரியும். சனியின் வளையம் தெரிந்துவிடும்.

பெட்டி மூடியில் சிவப்பு மையில் எழுதி ஒட்டுங்கள்: இதன் வழியே சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும்.

கோவை: பையன் கிட்டுல இருந்த ஆர்டுயினோ போர்டுல (புரோகிராம் எழுதி ஓட்டற குட்டிக் கம்ப்யூட்டர் பலகை) மோட்டாரை நேரா மாட்டிட்டான், போர்டு போயிருச்சு. அபராதம் உண்டுங்களா?

இல்லை அம்மணி, தப்பு எங்களுடையது. அந்த போர்டில் கம்பி மாட்டும் ஒரு பின்னுக்கு 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டம்தான் பத்திரமான அளவு. மோட்டார் கிளம்பும்போது அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். நடுவில் மோட்டார் டிரைவர், அதாவது போர்டின் சொல்லைக் கேட்டு மோட்டாருக்குத் தனியாக மின்சாரம் கொடுக்கும் சிறு சர்க்யூட், இருந்தே ஆக வேண்டும். தோட்டத்துக் கிணற்று மோட்டாரை ஸ்டார்ட்டர் இல்லாமலா ஓட்டுகிறோம் என்று கேளுங்கள், பையனுக்குப் புரியும். இப்போதெல்லாம் டிரைவரை மாட்டியேதான் கொடுக்கிறோம்.

கரூர்: இதுக்கெல்லாம் காசு ஏதுங்க?

1948 நூலகச் சட்டத்தின் வழியில், சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டுகிறோம். சரி, அதிலிருந்து கிட்டுக்கு ஒதுக்கட்டும் என்று காத்திருந்தால் பிள்ளைகள் கல்லூரிக்கே போய்விடுவார்கள். எங்களிடம் இருப்பதில் பாதி, பக்கத்து ஒர்க்‌ஷாப்காரர்கள் கொடுத்த திருப்புளியும் மின்சாரம் அளக்கும் பழைய மல்டிமீட்டரும்தான்.

திரும்பி வந்த பெட்டியை யார் சரிபார்க்கறது?

கொண்டுவந்த பிள்ளையேதான். மூடிக்குள் ஒட்டிய படத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டச் சொல்லுங்கள். நூலகர் தலையில் கட்டினால் மூன்றாம் வாரமே பெட்டி பீரோவுக்குள் போய்விடும்.