மாதம் 60 கவுன் தைக்க முடியுமா? வீட்டுத் தொழில் கேள்வி–பதில்

வீட்டிலேயே குழந்தைகளுக்கு கவுன் தைத்துக் கொடுக்கிறேன். மாதம் 60 என்று இலக்கு வைத்தேன். மூன்று மாதமாக 36-ஐத் தாண்டவில்லை. எனக்குத்தான் சோம்பலோ?

சோம்பல் இல்லவே இல்லை. நான் கேட்டதற்காக ஒரு வாரம் நேரம் குறித்து அனுப்பினீர்களே, அந்த நோட்டுப் பக்கமே சாட்சி. ‘செவ்வாய்: 10.15 மிஷின். 10.40 அளவு கேட்டு போன். 11.05 மறுபடி போன். 12.20 எழுந்துவிட்டேன்.’ இப்படிக் கூட்டினால் நாளுக்கு மூன்றரை மணி நேரம் தேறுகிறது. 26 நாளைக்கு 91 மணி.

ஒரு கவுனுக்கு ஒன்றரை மணி என்று போட்டுத்தான் 60-க்கு வந்திருக்கிறீர்கள். அது வெட்டவும் தைக்கவும் ஆகும் நேரம் மட்டுமே. அளவு கேட்பது, பொத்தான் வைப்பது, பிசிறு நூலை வெட்டுவது, இஸ்திரி, பேக்கிங் எல்லாம் சேர்த்தால் உங்கள் நோட்டின்படியே இரண்டரை மணி. 91-ஐ அதால் வகுத்துப் பாருங்கள்: 36! கையிலிருந்த நேரம் முழுவதையும் உழைத்துவிட்டு உங்களையே திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். எல்லாம் தடங்கலின்றி நடக்கும் என்று நம்பி நேரத்தைக் குறைத்துப் போடுவது மனித இயல்பு. உளவியல் அறிஞர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே இதைத் ‘திட்டமிடல் பிழை’ என்று பெயரிட்டு விளக்கினார்கள். மனக்கணக்கை விட்டுவிட்டு, போன முறை உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது என்று பார்ப்பதுதான் மருந்து.

அடுத்த மாதம் எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். ஒரு கவுனுக்கு ஆகும் நேரத்தை இரண்டே கால் மணியாக்குவதே இலக்காக இருக்கட்டும். ஐந்து கவுனுக்கு ஒரே நாளில் துணி வெட்டுங்கள், பொத்தான்களை ஒரே மூச்சில் வையுங்கள், போனுக்கென்று ஒரு நேரம் ஒதுக்குங்கள். அது கைகூடினால் அதே 91 மணியில் 40 வரும். அதற்கு மேலும் வருமானம் வேண்டுமென்றால் கூலியை உயர்த்துவதுதான் வழி, தூக்கத்தைக் குறைப்பதல்ல.

ஆன்லைனில் டியூஷன் எடுக்கிறேன். ‘வருமானம் இரு மடங்கு’ என்று சுவரில் எழுதி ஒட்டியும் ஒன்றும் நகரவில்லை.

வருமானம் விளைவு. அது உங்கள் கையில் இல்லை. எத்தனை பேரிடம் பேசுகிறீர்கள் என்பது கையில் இருக்கிறது. இதுவரை விசாரித்த பத்துப் பேரில் மூவர் சேர்ந்திருந்தால், இன்னும் ஆறு மாணவருக்கு ஏறக்குறைய இருபது விசாரிப்பு வேண்டும். அதை வாரத்துக்கு ஐந்து என்று பிரித்து, அந்த எண்ணைச் சுவரில் ஒட்டுங்கள். அதற்கு முன், ஆறு பேருக்கும் பாடம் நடத்த நேரம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

‘ஸ்மார்ட்’ முறையில் இலக்கு வைக்கச் சொல்கிறார்களே, வீட்டுத் தொழிலுக்கு ஒத்துவருமா?

வரும். நல்ல இலக்குக்கு வேண்டிய ஐந்து குணங்களை S, M, A, R, T என்ற ஆங்கில எழுத்துகளில் நினைவில் வைக்கும் முறை அது. மேலாண்மை ஆலோசகர் ஜார்ஜ் டோரன் 1981-ல் அதை எழுதியது நிறுவன மேலாளர்களுக்காக. அந்த ஐந்து எழுத்தில் ‘ஏ’ என்பதற்கு இன்று பலரும் ‘அடையக்கூடியது’ என்று பொருள் சொல்கிறார்கள். அவர் எழுதியதோ ‘இதை யார் செய்வது என்று ஒப்படைக்க முடிவது’. வீட்டுத் தொழிலில் எல்லோரும் தாண்டிப் போகிற கேள்வி இதுதான். எல்லா வேலைக்கு நேராகவும் உங்கள் பெயரே இருந்தால், பேக்கிங்கையாவது வேறொருவர் கையில் கொடுங்கள்.

வீட்டில்தானே இருக்கிறாய் என்று ஆளாளுக்கு வேலை சொல்கிறார்கள்.

உங்கள் வேலை நேரம் அவர்களுக்குத் தெரியுமா? தொடங்கும் மணியையும் முடியும் மணியையும் எழுதி எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டுங்கள். முதல் வாரம் முணுமுணுப்பு இருக்கும், பிறகு பழகிவிடும்.

உடம்பு சரியில்லாமல் பத்து நாள் போய்விட்டது. இரவில் கண்விழித்து இந்த மாத இலக்கைப் பிடித்துவிடவா?

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். பத்து நாளுக்குரிய எண்ணிக்கையை இலக்கிலிருந்து கழித்துவிடுங்கள். தேதி சொல்லியிருந்த வாடிக்கையாளர்களுக்கு இன்றைக்கே போன் செய்து, உங்களால் முடிகிற புதுத் தேதியைச் சொல்லிவிட்டுப் படுங்கள்.