சூத்திரமெல்லாம் பாடம், ஆனாலும் இயக்கவியல் கணக்கு ஏன் வரமாட்டேங்குது?

அட்டனிலிருந்து போய் பொறியியல் பீடத்தில் முதலாண்டு படிக்கும் தம்பி ஒருவரின் கேள்வி இது.

தம்பி, சூத்திரத்தைத் தேடாதீங்க. முதலில் பொருளைத் தனியாகப் பிரித்து, அதன்மேல் தாக்கும் விசைகளை அம்புக்குறிகளால் காட்டும் விசைப்படம் வரைங்க. நானுஓயா தாண்டி பட்டிப்பொல நோக்கி ஏறும் ரயிலைப் பாருங்க. நம் மலைப்பாதையில் சாய்வு 44க்கு 1 வரை வரும், அதாவது 44 மீற்றர் போனால் 1 மீற்றர் ஏற்றம். ரயில் 200 தொன் என்று வைப்போம். பின்னால் இழுக்கும் எடையின் கூறு 200000 × 9.8 ÷ 44, ஏறக்குறைய 44,500 நியூட்டன். சீரான வேகத்தில் ஏற, உராய்வைத் தள்ளிவிட்டால், எஞ்சின் சரியாக அவ்வளவுதான் இழுக்கணும். கூட வேண்டியதில்லை! ‘ஓடுகிறதே, அப்போ முன்னுக்கு விசை மிஞ்சணுமே’ என்ற நினைப்புத்தான் நிறையப் பேரைக் கவிழ்க்கிறது. வேகம் மாறாவிட்டால் விளையுள் விசை, அதாவது எல்லா விசைகளும் சேர்ந்த மொத்தம், பூச்சியம். இது மனசில் உட்காரும்வரை அடுத்த பாடத்துக்குப் போகாதீங்க.

விசைகளுக்குப் பதிலாகச் சக்தியை வைத்துக் கணக்குச் செய்யும் லக்ராஞ்சி முறை பிறகு வரட்டும். ஊசலை நியூட்டன் முறையில் செய்து, கயிற்றின் இழுவிசையை நீக்கப் படும் பாட்டைப் பாருங்க. அப்புறம் லக்ராஞ்சி முறையில் கோணத்தை மட்டும் வைத்து, இயக்கச் சக்தியிலிருந்து அழுத்தச் சக்தியைக் கழித்து எழுதுங்க. இழுவிசை உள்ளே வரவே வராது. கயிறு அசைவுக்குச் செங்குத்தாக இழுப்பதால் அது வேலையே செய்வதில்லை.