தட்டு நிறைந்தே திரும்பி வந்தால்

கேள்வி: பக்கவாதத்துக்குப் பிறகு அம்மா முதியோர் இல்லத்தில் இருக்கிறார். சாப்பாடு பாதிக்கு மேல் மிஞ்சுகிறது. "அவங்களுக்குப் பசியில்லை" என்கிறார்கள். இல்லத்தில் என்ன கேட்பது?

பதில்: பசியில்லை என்று உடனே நம்பிவிடாதீர்கள். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்திலேயே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். பக்கவாதம் வந்த சிலருக்கு ஒரு பக்கம் இருப்பதே புலப்படாது. தட்டில் பாதியைச் சாப்பிட்டு, முடிந்தது என்று கையை எடுத்துவிடுவார்கள். தட்டைத் திருப்பி வைத்தால் மீதியும் உள்ளே போகும். பல்செட் வாயில் இருக்கிறதா, டம்ளர் கைக்கு எட்டுகிறதா என்றும் பாருங்கள்.

சாப்பிடும்போது இருமல், புரையேறல், சாப்பிட்டபின் தண்ணீர் தேங்கியதுபோல் கரகரத்த குரல், இவற்றில் ஒன்று இருந்தாலும் ஊட்டுவதை நிறுத்திவிட்டு, ஸ்பீச் தெரபிஸ்ட் மூலம் விழுங்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். இருமலே வராமல் உணவு நுரையீரலுக்குள் போவதும் உண்டு. அடிக்கடி சளிக்காய்ச்சல் வந்தால் அந்தச் சந்தேகம் வேண்டும். இப்படிப்பட்டவர்களுக்கு ரசம் சாதம் ஆபத்து. நீர் முந்திக்கொண்டு தொண்டைக்குள் ஓடும், பருக்கை வாயில் தங்கிவிடும். மசித்த உணவு தரச் சொன்னால், அது கரண்டியில் குவிந்து நிற்க வேண்டும்; சாய்த்தால் ஒட்டாமல் மொத்தமாக விழ வேண்டும்.

ஊட்டும் முறை: நாற்காலியில் நேராக உட்காரவைத்து, ஊட்டுபவரும் எதிரில் அதே உயரத்தில் உட்கார வேண்டும். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து பார்ப்பார், புரையேறும். அரை டீஸ்பூன், பலமுள்ள கன்னத்தின் பக்கம். தொண்டை மேலேறி இறங்கியதைப் பார்த்தபின்தான் அடுத்த வாய். முடிந்ததும் பலவீனமான கன்னத்தில் உணவு ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்து வாயைச் சுத்தம் செய்து, அரை மணி நேரம் படுக்கவைக்கக் கூடாது.

இப்படி ஒருவருக்கு ஊட்ட அரை மணி நேரம் பிடிக்கும். ஒரே ஊழியர் ஐந்தாறு பேருக்கு ஊட்டும் இடத்தில் தட்டு திரும்பத்தான் செய்யும். எனவே அம்மாவுக்கு யார் ஊட்டுகிறார், அதே நேரத்தில் எத்தனை பேரைக் கவனிக்கிறார், பயிற்சி உண்டா என்று கேளுங்கள். பிரிட்டிஷ் மருத்துவமனைகள் பலவற்றில் உதவி தேவைப்படுபவருக்குச் சிவப்புத் தட்டு வைப்பார்கள்; அடையாளத்துக்காக இங்கேயும் கேட்கலாம், செலவே இல்லை. அமெரிக்க முதியோர் இல்லங்களில் ஊட்டும் உதவியாளருக்குக் குறைந்தது 8 மணி நேரப் பயிற்சி என்று 2003-இல் விதி வந்தது. விழுங்கச் சிரமப்படுபவருக்கு அவர்கள் ஊட்டக் கூடாது, அது நர்ஸ் அல்லது நர்ஸ் உதவியாளரின் பொறுப்பு.

ஒவ்வொரு வேளையும் கால், அரை, முக்கால், முழுசு என்று எவ்வளவு சாப்பிட்டார் என எழுதிவைக்கச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை எடை பார்க்கட்டும். 50 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் இரண்டரைக் கிலோ இறங்கினால் அதே வாரம் மருத்துவரிடம் காட்டுங்கள்.